வீடு உண்மை, வீட்டுக்காரர் பொய்

நம்பிக்கை இல்லாமல் வியாபாரம் இல்லை. நமது மூத்தவர்கள் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் வெறும் வாய்ச்சொல்லில் சரக்கு எடுத்து, விற்ற பிறகு பணம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த வாய்ச்சொல்லுக்குப் பின்னால் தெரிந்த ஒரு முகமும் ஒரு கடையும் ஓர் ஊரும் இருந்தன. இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, முகம் தெரியாத ஒருவருக்கு முற்பணம் அனுப்பி விடுகிறோம். அப்படி அனுப்பி ஏமாந்தவர்களில் இந்தப் பத்தியை எழுதும் நானும் ஒருவன். வெட்கமாக இருந்தாலும் சொல்லி விடுவதே நல்லது. மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

சில வருடங்களுக்கு முன் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலம். ஆனி மாதத்தில் நடக்கும் அந்தத் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் சனம் திரளும். விளையாட்டுச் சாமான், வளையல், துணிமணி விற்பவர்களுக்கு அது நல்ல பருவம். நானும் இரண்டு நண்பர்களும் சரக்கை வைக்கவும் இரவில் தங்கவும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கிட்ட, புங்குடுதீவுப் பக்கமாக, 15 நாட்களுக்கு ஒரு வீடு தேடினோம்.

நண்பரின் மகன் முகநூலில் ஒரு விளம்பரம் கண்டுபிடித்தார். நல்ல கல்வீடு, கிணறு, பெரிய கேற், லொறி உள்ளே போகக்கூடிய வளவு. ‘தரகர் இல்லை, நேரடியாக வீட்டுக்காரர்’ என்று போட்டிருந்தது. கனடா இலக்கம். பேசியவர் தீவகத்துத் தமிழில்தான் பேசினார், வீட்டின் சுற்றுவட்டாரத்தையும் சரியாகச் சொன்னார். மற்றவர்கள் ஒரு இலட்சம் கேட்ட காலத்தில் அவர் கேட்டது 60,000 ரூபா. பாதியை முற்பணமாக, உள்ளூரில் இருக்கும் ‘மச்சானின்’ வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார். போட்டோம். இரண்டு நாள் கழித்து மின்சார நிலுவை, துப்புரவுச் செலவு என்று இன்னும் 15,000 கேட்டார். அதையும் போட்டோம்.

லொறியோடு போய் இறங்கினால் படத்தில் பார்த்த அதே வீடு, அதே கேற். உள்ளேயிருந்து வீட்டைப் பராமரிக்கும் அம்மா வந்தார். “உங்களுக்கு ஆர் சொன்னது நானா? இந்த வீடு வாடகைக்கு விடுறதில்லை. பிள்ளையள் வாற மாசம் வெளிநாட்டில இருந்து வருகினம். போன கிழமையும் ரெண்டு பேர் இப்பிடித்தான் காசு கட்டிப்போட்டு வந்து நிண்டவை” என்றார்.

வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் நான்கு சகோதரர்கள், ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மகள் விடுமுறைக்கு வந்தபோது எடுத்து இணையத்தில் போட்ட படங்களைத்தான் எவனோ எடுத்து எங்களுக்குக் காட்டியிருக்கிறான். தொலைபேசி அன்றோடு நின்று போனது. 45,000 ரூபா போனதோடு முடியவில்லை. லொறிக் கூலியும் வீண், திருவிழாவின் முதல் மூன்று நாள் வியாபாரமும் இல்லை.

தீவகத்தில் ஏன் இது இலகு?

பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று போனால் பூட்டிய வீடுகள் நிறையக் காணலாம். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் பெருமளவு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிஸ் என்று போய்ச் சேர்ந்தார்கள். 2009 க்குப் பிறகு வீடுகளைத் திருத்திக் கட்டினார்கள். ஆனால் வருடத்தில் சில கிழமைதான் வந்து தங்குகிறார்கள். ஆக, வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் இல்லை. மோசடிக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

பல வீடுகள் முதுசம். தாய் தகப்பன் காலமான பின் பிள்ளைகள் பெயரில் பிரிக்கப்படாமல் கிடக்கும். மூத்தவர் ஓகஸ்டில் வருவார், இளையவர் டிசம்பரில் வருவார் என்று தங்களுக்குள் காலத்தைப் பங்குபோட்டிருப்பார்கள். இவர்களில் ஒருவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் முழு வீட்டையும் வாடகைக்குக் கொடுத்தாலும் நமக்குத் தலையிடிதான். அவர் மோசடிக்காரர் அல்லர். ஆனால் அவரால் கொடுக்கக்கூடியது அவருடைய பங்கை மட்டும்தான்.

‘டைம் ஷெயார்’ என்ற கதை

இப்படி ஒரு வீட்டைக் கிழமைக் கணக்கில் பங்கு போடுவதை மேல்நாடுகளில் ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். விடுமுறை விடுதியில் வருடத்துக்கு ஒரு கிழமை தங்கும் உரிமையை விற்பதுதான் டைம் ஷெயார். 1960 களில் ஐரோப்பாவில் தொடங்கிய இந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. அங்கே ஸ்டேர்லிங் 1986 இலும் கிளப் மஹிந்திரா 1996 இலும் தொடங்கின. வாங்கியவர் ஒரு வருடம் போக முடியாவிட்டால் தன் கிழமையை இணையத்தில் இன்னொருவருக்கு வாடகைக்குப் போடுவார். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் நம்மவர்களும் ஹோட்டலைவிட மலிவு என்று இதை எடுக்கிறார்கள்.

இங்கேயும் ஆபத்து ஒன்றுதான். விடுதி உண்மை, படம் உண்மை, ஆனால் அந்தக் கிழமை அவருடையதா? பணம் கட்டுமுன் விடுதியின் தொலைபேசி இலக்கத்தை நீங்களாகத் தேடி எடுத்துப் பேசுங்கள். விளம்பரக்காரர் தந்த இலக்கத்துக்குப் பேசாதீர்கள். அந்தப் பெயரில் அந்தத் திகதிக்குப் பதிவு உண்டா, வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் நிலுவையா, பிறருக்கு வாடகைக்குக் கொடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். நிலுவை இருந்தால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பக்கூடும். உங்கள் பெயரில் விடுதியே தரும் உறுதிக் கடிதம் கைக்கு வராமல் முழுப்பணமும் கொடுக்க வேண்டாம்.

மோசடி மறுபக்கமும் நடக்கிறது. உங்கள் பங்குக்கு ஆள் வைத்திருக்கிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று உரிமையாளர்களை ஏமாற்றுகிறார்கள். மெக்சிகோவை மையமாகக் கொண்ட இந்த வகை மோசடியில் 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டொலர் இழந்ததாக அந்நாட்டு எப்.பி.ஐ. 2024 இல் அறிவித்தது. ஆகவே ஏமாறுபவன் படிக்காதவன் என்று எண்ண வேண்டாம்.

சட்டத்தின் இடைவெளி

நமது நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. வட்ஸ்அப்பில் பேசி முடித்தது அதற்கு ஈடாகாது.

ஆனால் ஒரு மாதத்துக்கு உட்பட்ட வாடகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. திருவிழா வாடகை, விடுமுறை வாடகை எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. உறுதி கேட்பதில்லை, எழுதுவதில்லை, சாட்சி வைப்பதில்லை. மோசடிக்காரன் நடமாடுவதும் இங்கேதான்.

மார்க்கமோ நமக்கு முன்பே வழி காட்டியிருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 ஆம் வசனம் தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியும் சாட்சிகள் பற்றியும் பேசுகிறது. கைக்குக் கை மாறும் வியாபாரத்தில் எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அங்கே சலுகை உண்டு. முற்பணம் கொடுத்த வாடகை கைக்குக் கை மாறிய வியாபாரம் அல்ல. சாவி கிடைக்கும் நாள் வரை அது நமக்கு வரவேண்டிய கடன். எழுதுங்கள் என்று கேட்பது ஆளைச் சந்தேகிப்பதாகாது.

பணம் அனுப்புமுன்

ஒன்று: உள்ளூரில் விசாரியுங்கள். கிராம அலுவலரிடமோ சந்திக் கடையிலோ கேட்டால் யாருடைய வீடு, யார் பராமரிப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தீவகத்தில் ஒருவரையாவது அறியாத வியாபாரி நம்மில் யார்? அந்த ஒரு தொலைபேசி அழைப்பை நாங்கள் எடுக்கவில்லை.

இரண்டு: பராமரிப்பவரை வீட்டுக்குள் நிற்க வைத்து வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். கேற்றைத் திறந்து, கிணற்றடியைக் காட்டச் சொல்லுங்கள். சாட்டுச் சொன்னால் விலகி விடுங்கள்.

மூன்று: மாதக்கணக்கில் எடுப்பதானால் உறுதியின் பிரதியை வாங்கி, யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்ப்பியுங்கள். வெளிநாட்டிலிருப்பவருக்காக வேறொருவர் கையெழுத்திட்டால் அற்றோர்னித் தத்துவம் பதிவானதா, அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் மௌத்தானால் அந்தத் தத்துவமும் முடிந்து விடும். மின்சாரப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பல வீடுகளில் அது இன்னும் காலமான தகப்பனின் பெயரில்தான் வருகிறது.

நான்கு: வங்கிக் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும். மச்சான், நண்பர், முகவர் என்றால் வீட்டுக்காரர் அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். முற்பணம் சிறிதாக இருக்கட்டும், மீதியைச் சாவி வாங்கும்போது கொடுங்கள்.

ஐந்து: சந்தை விலையைவிட மிகக் குறைந்த வாடகை, “வேறு ஆள் காத்திருக்கிறார்” என்ற அவசரம், முற்பணத்துக்குப் பிறகு வரும் புதுச் செலவு. இந்த மூன்றில் ஒன்று வந்தாலே நில்லுங்கள். எங்களுக்கு இரண்டு வந்தன, நாங்கள் நிற்கவில்லை.

ஆறு: ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு இருக்க வேண்டாம். உடனே வங்கிக்கு அறிவியுங்கள், பற்றுச்சீட்டோடும் உரையாடல் பதிவோடும் பொலிஸில் முறையிடுங்கள். இணையம் தொடர்பான ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கம் உண்டு.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட நமது சமூகத்துக்கு உறுதியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது வீட்டில் உரிமையில்லாத எவனோ வாடகை வாங்கினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் அடுத்தவர் வீட்டை எடுக்கும்போது அதே கேள்வியைக் கேட்க மறந்து விடுகிறோம்.

அன்று அந்த அம்மா எங்களை வெறுமனே அனுப்பவில்லை. இரண்டு வளவு தள்ளி இருந்த தன் உறவினர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். தேநீர் தந்தார்கள். அரைத் தாளில் வாடகை, நாள், பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதி இரு பக்கமும் கையெழுத்திட்டோம், அந்த அம்மா சாட்சி. அந்த ஒப்பந்தத்தை முடிக்க கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. அடுத்த வருடமும் அங்கேதான் தங்கினோம். இன்ஷா அல்லாஹ், இனியும் அப்படித்தான்.