தில்லியில் பிறந்த புதுப் பாட்டு

இசை என்றவுடன் தில்லியில் வாழும் நம்மவர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, சபைகளிலும் மலை மந்திரிலும் கேட்கும் கச்சேரி. மற்றொன்று, திரைப்படப் பாட்டு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று இந்நகரிலேயே பிறந்து வளர்ந்து, கடல் கடந்தும் பெயர் பெற்றிருக்கிறது என்று சொன்னால் அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஐயமிருப்பின் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கட்டும். காதில் செருகிய கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களே விவரம் சொல்வார்கள்.

இளைஞர் இதனை 'இண்டி' என்கின்றனர். 'இண்டிபெண்டெண்ட்' என்பதன் குறுக்கம் அது. படத் தயாரிப்பாளரின் கட்டளைக்காக அல்லாமல், நாலைந்து பேர் கூடித் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, பெரும்பாலும் தம் கைப்பணத்திலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிடும் இசை. பாட்டென்றால் சினிமா என்றாகிவிட்ட நாட்டில், கதாநாயகனும் கதாநாயகியும் இன்றி ஒரு பாட்டுத் தன் காலில் நிற்பது எளிய காரியமன்று.

அண்மை ஆண்டுகளில் தில்லிக் குழுவினர் வெளியிட்ட மூன்று தொகுப்புகளை, அலுவலகம் போய்வரும் நேரத்தில் மெட்ரோவில் அமர்ந்து கேட்டு முடித்தோம். (ரயில்வேயில் ஊழியம் பார்த்துக்கொண்டு மெட்ரோவில் போகலாமா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. நேரத்திற்கு வருகிறதே, என்ன செய்ய?)

முதலாவது, 'இந்தியன் ஓஷன்' குழுவினர் 2023இல் வெளியிட்ட 'தூ ஹை'. 1990இல் தொடங்கிய குழு இது. தபலாவும் கிதாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது போன்ற இசை. இவர்களைப் பற்றி நம் சங்கத்து மூத்தவர்கள் அறிந்தால் மகிழக்கூடிய செய்தி ஒன்றுண்டு. 2010இல் இவர்கள் வெளியிட்ட தொகுப்பின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. கரோல் பாகில் இவர்கள் பல ஆண்டுகள் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியே அது! ஒரு காலத்தில் தில்லித் தமிழர் பலரும் குடியிருந்த அதே கரோல் பாக். தபலா வாசித்துப் பாடிய அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமானார். அவர் குரல் அத்தொகுப்பில் நிலைத்திருக்கிறது. அதன் பாடல்களை மாதம் ஒன்றாக, காசு வாங்காமல் இணையத்தில் கொடுத்தார்கள். 'தூ ஹை' புதியதெனினும் கை பழகிய கை. அதிர்ச்சி ஏதுமில்லை. மனத்துக்கு இதமாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம்மை நிறுத்திக் கேட்கச் செய்தது இரண்டாவது. 'பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி' என்பது பெயர். கம்பெனியுமன்று, பீட்டரும் அதில் இல்லை. சூர்யகாந்த் சாஹ்னி என்பவரை முதன்மைப் பாடகராகக் கொண்ட ஐவர் குழு. 2019இல் இவர்கள் வெளியிட்ட 'பிஸ்மில்லா' தொகுப்பைப் பாரிசு நகரத்து நிறுவனம் ஒன்று ஏற்று வெளிநாடெங்கும் பரப்பியது. ஐந்தாண்டு கழித்து, 2024 ஆகஸ்டில் வந்தது 'பேட்டா'. ஆங்கில எழுத்தில் படித்தால், முடிவு பெறாத சோதனைப் பதிப்பு என்று பொருள். இந்தியில் படித்தால் 'மகனே' என்ற விளி. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது, பிள்ளை வளர்க்கும் எவர்க்கும் சற்றே சிரிப்பு வரும்.

பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். ஆயினும் இது லண்டனில் பிறந்த இசையன்று என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடுகிறது. டிரம்பெட் ஊதும்போது, குளிர்காலத்து இரவில் நம் தெருவழியே குதிரையில் மாப்பிள்ளை போக, முன்னே செல்லும் பாண்டு வாத்தியம் நினைவுக்கு வந்தது. ஊர்வலம் போன பின்பு தெருவில் நிற்கும் ஒருவித வெறுமையும் அதில் இருக்கிறது. சாஹ்னியின் குரல் தாழ்ந்து, கனத்து, பழைய காலத்து மேனாட்டுப் பாடகரைப் போல் ஒலிக்கிறது. குறையும் உண்டு: சொற்களை வாய்க்குள்ளேயே மெல்லுகிறார். பாட்டின் வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலன்றி நம் போன்றோர்க்குப் பாதி விளங்காது. முதன்முறை கேட்டபோது தூக்கம் வந்தது. மூன்றாம் முறை, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டோம். இதே சாஹ்னி 'லிஃபாஃபா', அதாவது கடித உறை, என்ற புனைபெயரில் இந்தியிலும் பாடுகிறார். ஆங்கிலம் ஒவ்வாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, 'பிளட்டிவுட்'. இருதயம் பலவீனமானவர்களுக்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம். மின்கிதாரின் இடி முழக்கத்தோடு பஞ்சாபி டோலும் புல்லாங்குழலும் கலக்கின்றன. 2025 மார்ச்சில் வந்த 'நியூ டெல்லி' தொகுப்பில் ஜப்பானியக் குழுவான 'பேபிமெட்டல்' இவர்களோடு சேர்ந்து பாடிய பாட்டும் இருக்கிறது. நமக்குப் பிடித்தது 'தட்கா'. தாளிப்பைப் பற்றி, நம் நாட்டுச் சாப்பாட்டைப் பற்றி, போர்ப்பரணி போல ஒரு பாட்டு! கடுகு வெடிப்பதை இவ்வளவு உரக்கச் சொன்னவர்கள் இதற்கு முன் இருந்ததாகத் தோன்றவில்லை.

இந்தப் பாட்டினால் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் சச்சரவே மூண்டது. தந்தை கும்பகோணத்துக்காரர். மகன் தில்லியில் பிறந்தவன், பதினேழு வயது. "என்னடா இது, கடாமுடா என்று?" என்றார் தந்தை. "அப்பா, இது நம்ம ஊர்ப் பாட்டுப்பா" என்றான் பிள்ளை. அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. "நம்ம ஊர் எதுடா?" என்று கேட்டவர், அன்றிரவு உண்ணவில்லை என்று அவர் மனைவியார் வருந்தினார். பாட்டின் ஓசையைக் காட்டிலும் அக்கேள்விதான் பெரிது. தமிழில் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவான். கும்பகோணம் அவனுக்குக் கோடை விடுமுறை. அவன் ஊர் இதுவென்று அவன் சொன்னால், பொய் என்று எப்படி மறுப்பது? எனினும் தந்தையின் நெஞ்சு வலித்ததும் பொய்யன்று.

சில வாரம் சென்று அதே பிள்ளை வேறொரு பாட்டோடு தந்தையிடம் வந்தான். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவினருடையது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று அமைத்த அக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த தமிழ்ப் பாட்டு. சாதிக் கொடுமையை ஒளிவின்றிக் கேள்வி கேட்கும் பாட்டு. சொற்கள் பல அவனுக்குப் புரியவில்லை. பொருள் கேட்டான். அவருக்கும் சென்னைப் பேச்சு முழுதும் பிடிபடவில்லையாம். இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பாட்டின் கருத்தில் சில இடங்களில் அவர் வாதாடினாராம், மகனும் விடவில்லையாம். இம்முறை சாப்பாடு நிற்கவில்லை.

இவ்வகைக் கலைஞரின் வரவுசெலவையும் எண்ணிப் பார்த்தோம். கணக்கெழுதும் கை சும்மா இராது. கைப்பேசியில் ஒருமுறை கேட்டால் கலைஞர்க்குச் சேர்வது ஒரு ரூபாய்க்கும் குறைவு. பயிற்சிக்கு இடம், ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, வண்டிச் செலவு யாவும் பெரும்பாலும் மேடைக் கச்சேரியில் வரும் பணத்தால்தான் நடக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கோ மேடையே கிடைப்பதில்லை.

நம் சங்கத்தில் மேடை இருக்கிறது. மேற்சொன்ன பிள்ளையும் அவன் தோழர் மூவரும் ஒரு குழுவாகப் பயின்று வருகின்றனர். அதில் ஒருவன் பீகாரி, ஒருவன் மலையாளி. பொங்கல் விழாவில் அரைமணி நேரம் அவர்களுக்கு ஒதுக்குமாறு செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பட்டிமன்றத்திற்கு முன்பாக வைத்தால் கூட்டம் இருக்கும். ஒலிபெருக்கி வாடகையில் பாதியைக் கும்பகோணத்து அன்பர் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார், ஓசையைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைப் பிள்ளைகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.