விழக் கற்ற பெண்கள்

வானகரத்தில் நாம் சென்றிருந்த ஓர் இல்லத்தில், இரவு உணவுக்குப்பின் சிறுமி ஒருத்தி கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். ஜப்பானிய ஜூடோ வீராங்கனை உதா அபே குழந்தைபோல் கதறி அழுதுகொண்டிருந்தார்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் அவர். அதே நாளில் அண்ணன் ஹிஃபுமியும் தங்கம் வென்றார். உலகெங்கும் பரவியது அவர்கள் புகழ். ஆனால் 2024-இல் பாரிஸில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றார். அரங்கத்தார் பெயர் சொல்லி முழங்கித் தேற்றினர். வேறு சிலரோ அழுகையைப் பழித்தனர். நாமாயின் அழுதிருக்கமாட்டோமா?

நம் நாட்டிலும் ஒரு பெண் உண்டு. மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022 ஆகஸ்டில் சரயேவோ நகரில், 57 கிலோ பிரிவில், பிரேசிலின் பியான்கா ரெய்ஸை வீழ்த்தி இளையோர் உலகப் பட்டம் பெற்றார். உலக ஜூடோப் போட்டிகளில் எந்த வயதுப் பிரிவிலும் இந்தியா பெற்ற முதற்பதக்கம் அதுவே. நம்மில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவோம்?

1882-இல் கானோ ஜிகோரோ வகுத்த இக்கலையில், விழுவதே முதற்பாடம். தாடையை மார்போடு ஒட்டி, கையால் பாயை ஓங்கி அறைந்தால் விழும் வேகம் சிதறிவிடும், தலை தப்பும்.

"பெண்பிள்ளை, எலும்பு முறிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?" என்றார் தாயார். அக்கேள்வியில் அன்பும் இருந்தது. ஊரார் வாய்க்கு அஞ்சும் அச்சமும் இருந்தது.

"எனக்கும் விழக் கற்றுத்தருவார்களா, அப்பா?" என்றாள் சிறுமி.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கோடை விடுமுறையில் விசாரிப்போம், அம்மா" என்றார்.