ஆசை இருந்தால் போதாதா?

2018-ல் வந்த 'கனா' படத்தைப் போன வாரம் டி.வி.யில் பார்த்தோம். ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த கௌசல்யா ஒரு விவசாயியின் மகள். பையன்களோடு கிரிக்கெட் ஆடுகிறாள். ஊர் பேசுகிறது, அம்மா திட்டுகிறாள். ஆனாலும் இந்திய அணி வரை போய்விடுகிறாள். சபாஷ்!

ஆனால் எனக்கு ஒரு குறை. இந்தியா தோற்றால் அழுகிற அப்பாவைச் சிரிக்க வைக்கத்தான் அவள் பந்தைத் தொடுகிறாள். பையன் ஆசைப்பட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் ஆசைப்பட மட்டும் அப்பாவின் கண்ணீர் வேண்டுமா?

எட்டாவது படிக்கும் என் மகள் கபடி டீமில் சேரக் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இது?" என்று நானும் அந்த அம்மா மாதிரியே கத்தியவள்தான். படம் முடிந்ததும் அவள், "எனக்குப் பிடிச்சிருக்கும்மா, அவ்வளவுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பத்தாவதோடு என் படிப்பை நிறுத்தியபோது, "படிக்கப் பிடிச்சிருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே!

மறுநாளே பள்ளிக்கூடத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது சாயங்காலம் முழங்காலெல்லாம் புழுதியோடு வருகிறாள். அக்கம்பக்கம் பேசத்தான் செய்கிறது. பேசட்டும்!

தோழிகளே, நம் பெண்கள் "பிடிச்சிருக்கு" என்று சொன்னால் அதையே காரணமாக எடுத்துக்கொள்வோமே!

- ஒரு வாசகி, பிளவக்கல்.