ஐந்தாம் பொலிவெண் வால்மீன் ஏன் கண்ணில் படுவதில்லை?

வால்மீன் வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஓர் எண்ணும் வருகிறது. ‘பொலிவெண் 5, வெறும் கண்ணால் பார்க்கலாம்’. ஆசையோடு மொட்டை மாடிக்கு ஏறுபவர்கள் பலர் ஏமாந்து இறங்குவது இந்த எண்ணால்தான். பொலிவெண் என்பது பிரகாசத்தின் அளவை, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். பொலிவெண் 6 வரையுள்ள விண்மீன்கள் இருண்ட ஊரில் வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் விண்மீனின் ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. வால்மீனின் ஒளியோ ஒரு பரப்பில் பரவியிருக்கிறது. ஒரு கரண்டி வெண்ணெய் தோசையின் நடுவில் கட்டியாக இருந்தால் தெரியும். அதையே தோசை முழுக்கத் தேய்த்துவிட்டால் தேட வேண்டியிருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். பொலிவெண் 5 உள்ள வால்மீனின் தலை 20 கலை அகலம், அதாவது முழுநிலவில் மூன்றில் இரண்டு பங்கு, என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒளியைப் பரப்பில் பகிர்ந்தால் ஒரு சதுர விகலைக்குப் பொலிவெண் 20 வருகிறது. மாசில்லாத வானத்தின் இருட்டு 22. வெளிச்சமான நகரத்தின் வானம் 18, அதாவது 40 மடங்கு பிரகாசம். அந்த வானத்தின் பிரகாசத்தில் ஆறில் ஒரு பங்குதான் வால்மீனுக்கு. ஆகவே நகரத்தில் நமக்குக் கிடைப்பது வால் அல்ல, தலையின் ஓரங்களும் அல்ல. நடுவில் ஒளி செறிந்திருக்கும் சிறு திட்டு மட்டுமே. தேடவேண்டியதும் அதைத்தான். பத்திரிகைப் படங்களில் இருக்கும் பச்சை நிறத்தையும் மறந்துவிட வேண்டும். மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது. சாம்பல் பூத்த மங்கலாகவே தெரியும்.

அடுத்தது நாள். 2022 மார்ச்சில் கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சி/2022 இ3 என்ற வால்மீன், 2023 பிப்ரவரி 1 அன்று சுமார் 4.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் பூமியைக் கடந்தது. எல்லோரும் குறித்துவைத்த நாள் அதுதான். ஆனால் அன்று அது துருவ நட்சத்திரத்தின் பக்கம் இருந்தது. 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் சென்னைக்கு அது வடக்கே தாழ்வான, புகை படிந்த வானம். நிலவும் வளர்ந்துகொண்டிருந்தது, பிப்ரவரி 5 தைப்பூச முழுநிலவு. நம் ஊருக்கு உண்மையில் வாய்த்த நாள்கள் 10, 11தான். பூமியிலிருந்து விலகிச் சற்று மங்கியிருந்தாலும், முன்னிரவில் நிலவில்லை. வால்மீன் ஏறக்குறைய உச்சி வானில், செவ்வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. தேட வழிகாட்டியும் தயார். ‘மிக அருகே’ என்ற தேதியைவிட, நிலவு இல்லாமல் உச்சிக்கு வரும் தேதியே நகரவாசிக்கு முக்கியம்.

கருவியில் 7×50 பைனாகுலரைவிட 10×50 நல்லது. உருவம் பெரிதாவதால், வானத்துக்கும் வால்மீனுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் கண் எளிதில் பிடிக்கும். தெருவிளக்கு படாத மூலையில் நின்று, தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, இருபது நிமிடமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். இடையில் கைபேசியைத் தொட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறகு, இருக்கும் இடத்தை நேராக முறைக்காமல், சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைக்க வேண்டும். மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, சுற்றியே நிறைந்திருக்கின்றன. அப்படியும் தெரியாவிட்டால் கருவியை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாத மங்கலைத் தவறவிடும் கண், அசையும் மங்கலைக் கண்டுகொள்ளும்.

வடிகட்டிகள் ஓரளவே உதவும். சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளியை அவற்றால் தடுக்க முடிந்தது. எல்லா நிறமும் கலந்த எல்இடி வெளிச்சத்தை அப்படி முழுதாகத் தடுக்க முடியாது. கார்பன் மூலக்கூறுகள் ஒளிரும் வாயு வால்மீன்களுக்கு அந்தப் பச்சை அலைநீளங்களை மட்டும் விடும் வடிகட்டி கைகொடுக்கும். தூசி மிகுந்த வால்மீன் சூரிய ஒளியைப் பிரதிபலிப்பதால் அதற்குப் பயனில்லை.

கண்டது வால்மீன்தானா என்பது கடைசிக் கேள்வி. மங்கலான விண்மீன் கொத்துகளும் அப்படியே தோன்றும். உறுதி செய்யும் வழி, அது நகர்கிறதா என்று பார்ப்பது. அந்த நகர்வை முழுதாகப் பின்தொடர முடியாமல்போன கதை ஒன்று சென்னையிலேயே உண்டு. நாம் பயன்படுத்தும் பொலிவெண் அளவையை 1856இல் வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 30 ஆண்டுகள் சென்னையில், நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றியவர். 1872 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபூயஸ் அவருக்குத் தந்தி அடித்தார்: காணாமல்போன பீலா வால்மீன் 27ஆம் தேதி பூமியைத் தொட்டுச் சென்றிருக்கிறது, தெற்கே சென்டாரஸ் விண்மீன் குழுவின் பகுதியில் தேடுங்கள் என்று. போக்சன் டிசம்பர் 2, 3 தேதிகளில் மேகங்களுக்கிடையே அங்கே ஒரு வால்மீனைக் கண்டு இடத்தைக் குறித்தார். அடுத்த நாள்களில் வானம் திறக்கவில்லை. பாதையைக் கணக்கிட மூன்று இடங்களாவது வேண்டும். அவரிடம் இரண்டுதான் இருந்தன. அது பீலா அல்ல என்று பின்னர் தெளிவானது. எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை எவராலும் கணக்கிட முடியவில்லை.