தலையை மாற்றும் வைரசும் உடலின் நினைவாற்றலும்

நவம்பர் மழை இறங்கிவிட்டால் பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் இருமல் சத்தமும் கேட்கத் தொடங்கும். லயத்தில் ஒரு காம்பராவுக்கு வந்த காய்ச்சல் அடுத்த காம்பராவுக்குப் போக அதிக நாள் எடுக்காது. இலங்கையில் இன்புளுவென்சா பொதுவாக வருடத்துக்கு இருமுறை கூடுகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும்.

"போன வருஷமும் வந்ததே, மறுபடியும் ஏன்?" என்று பலர் கேட்பார்கள். விடை, கிருமிகளை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளில் இருக்கிறது.

இன்புளுவென்சா வைரசின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் துருத்தி நிற்கின்றன. ஹீமகுளூட்டினின், நமது சுவாசக் கலங்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. நியூராமினிடேஸ், புதிதாக உருவான வைரசுகளைக் கலத்திலிருந்து விடுவிக்கிறது. நமது வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான பி கலங்கள், இவ்விரண்டுக்கும் எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றன. முதற்புரதத்தின் தலையில் ஒட்டுபவை நுழைவைத் தடுக்கும். மற்றதில் ஒட்டுபவை பரவலைக் குறைக்கும்.

ஒருமுறை சந்தித்த வைரசை உடல் இப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்த நினைவு எளிதில் அழிவதில்லை. 1918இல் உலகையே உலுக்கிய இன்புளுவென்சா தொற்று கொழும்புத் துறைமுகம் வழியாக இலங்கைக்கும் வந்து, தோட்டங்களையும் தாக்கியது. அந்தக் காலத்தில் வாழ்ந்த 32 அமெரிக்க முதியவர்களின் இரத்தத்தை ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் சோதித்தார்கள். அந்த வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அப்போதும் இருந்தன. அந்த ஆய்வு 2008இல் வெளியானது.

அப்படியானால் குறை நினைவில் இல்லை. வைரசுதான் உருவை மாற்றுகிறது. தேயிலைச் செடியில் கொழுந்து திரும்பத் திரும்பப் புதிதாகத் துளிர்த்தாலும் அடித்தண்டு அப்படியே நிற்கும். ஹீமகுளூட்டினினும் அப்படித்தான்: தலைப்பகுதி அடிக்கடி மாறும், தண்டுப்பகுதி அதிகம் மாறாது. நமது உடலோ பெரும்பாலும் தலையைத்தான் குறிவைக்கிறது. தலை மாறியதும் பழைய பிறபொருளெதிரிகளின் பிடி தளர்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை தடுப்பூசிக்கான வைரசு வகைகளைப் புதிதாகத் தெரிவு செய்கிறது. தண்டைக் குறிவைக்கும் தடுப்பூசிக்கான ஆய்வுகளும் நடக்கின்றன.

கர்ப்பிணித் தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகம் வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இன்புளுவென்சா தடுப்பூசி போடுவதில்லை. அதுவரை தாய் கொடுத்ததுதான் அதற்குத் துணை.

எனவே கர்ப்பிணிகளும் முதியவர்களும் நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும் மழைக்கு முன்பே வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ இந்த ஊசி பற்றிக் கேளுங்கள். ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரங்களில்தான் முழுப் பாதுகாப்பு உருவாகும்.