கைக்குழந்தையோடு வில்பத்துக் காட்டுக்கு

குறிஞ்சிப்பிட்டியின் களப்புக் கரையில் விடியற்காலையில் நின்றால், அக்கரை ஒரு கறுத்த கோடாகத் தெரியும். அந்தப் பக்கத்தில்தான் கலா ஓயா கண்டல் காடுகளினூடாக வந்து களப்பில் விழுகிறது. ஆற்றுக்கு வடக்கே வில்பத்து தேசிய பூங்கா. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து அதைப் பார்க்கிறார்கள். நாங்களோ பிறந்த நாள் முதல் அதன் எதிரே இருந்தும் உள்ளே கால் வைத்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1938ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட, 1,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான அந்தக் காடு, போரின் காரணமாக 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்டு, 2003 மார்ச் மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2006 மே மாதத்தில் பூங்காவினுள் கண்ணிவெடியில் சிக்கி எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் அவருடன் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். அதன்பின் மறுபடியும் மூடப்பட்டு 2010இல் திறந்தது. எங்கள் மாமியின் தலைமுறைக்கு வில்பத்து என்றால் இன்றும் பயந்தான்.

"என்ன பிள்ளை, ஏழு மாசக் குழந்தையைக் காட்டுக்குள்ள கொண்டு போகப் போறியா? மலேரியா வந்தா என்ன செய்வாய்? வெயில் வேற" என்றார் மாமி.

மலேரியா விடயத்தில் மாமி பழைய கணக்கில் நின்றார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக உறுதிப்படுத்திவிட்டது. டெங்கு இருக்கிறது, ஆனால் அது காட்டைவிட எங்கள் முற்றத்துச் சிரட்டைகளிலும் பழைய ரயர்களிலும்தான் அதிகம். பிள்ளையை மூட ஒரு நுளம்பு வலை எடுத்துக்கொண்டேன். வெயிலைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கான பலனை அன்று பகலே அனுபவித்தேன்.

பாடசாலை விடுமுறை என்பதால் ஓகஸ்ட் மாதம் புறப்பட்டோம். முதல் தவறு அதுவே. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கடும் வரட்சி. அதிகாலை மூன்று மணிக்கு வானில் ஏறி, பாலாவிச் சந்தி, புத்தளம் வழியாக அனுராதபுரம் வீதியில் போய், ஹுனுவிலகம வாசலை ஆறு மணிக்கு அடைந்தோம். எட்டுப் பேர் பணம் சேர்த்து ஒரு ஜீப்பை முழு நாளுக்குப் பேசியிருந்தோம். மச்சானுக்குச் சிறுத்தை பார்க்க வேண்டும் என்ற ஆசை; பணத்தில் பெரும்பங்கும் அவருடையதே.

ஜீப்பில் பின்வரிசைதான் அதிகம் தூக்கிப் போடும். ஆகவே சாரதிக்கு நேர் பின்னால் இருந்து, பிள்ளையைச் சீலையால் நெஞ்சோடு கட்டி, தலையைக் கையால் தாங்கிக்கொண்டேன். காலைப்பொழுது மிக இனிமையாக இருந்தது. வில்பத்துவின் அழகே அதன் வில்லுகள். மணல் மேடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் மழைநீர் தேங்கி உண்டாகும் ஆழமற்ற குளங்கள் அவை. ஒன்றின் பெயர் பணிக்கர் வில்லு என்றதும் எங்களுக்கு ஒரு சந்தோஷம். யானை பிடித்த பணிக்கர்மாரை எங்கள் பக்கத்தில் யார் அறியாதவர்? ஓகஸ்டில் நீர் வற்றியிருந்தாலும், இருந்த நீரைச் சுற்றிப் புள்ளிமான்கள் கூட்டமாக நின்றன. என் மகளோ மானையும் பார்க்கவில்லை, மயிலையும் பார்க்கவில்லை. அக்காள்காரியின் சிவப்பு றிபனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணியளவில் றிபனையும் விட்டுவிட்டாள். முகம் சிவந்து, பால் கொடுத்தாலும் இரண்டு முறை உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போனாள். பம்பர்ஸைத் தொட்டுப் பார்த்தேன். வாசலில் மாற்றியது, ஐந்து மணி நேரமாகியும் காய்ந்தே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிறு குழந்தையின் உடல், எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்புக் கூடியது. வியர்த்துத் தணியும் சக்தியோ குறைவு. பெரியவர்களுக்குக் களைப்பாகத் தெரியும் வெயில் அதற்கு ஆபத்தாகிவிடும். சிறுநீர் குறைதல், வாய் உலர்தல், அழுதாலும் கண்ணீர் வராமை, உச்சிக்குழி உள்வாங்குதல் ஆகியவை அடையாளங்கள். எழுப்பினாலும் எழும்பாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைதான்.

அந்நேரம் பார்த்து எதிரே வந்த ஜீப்காரர், சற்றுத் தூரத்தில் பாதையோரம் சிறுத்தை படுத்திருப்பதாகச் சொன்னார். மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். "வண்டியைத் திருப்புங்கள்" என்றேன் நான். "பத்து நிமிசந்தானே" என்றார் அவர். எவரும் பேசவில்லை. நான் பம்பர்ஸை அவர் கையில் வைத்தேன். மூன்று பிள்ளைகளின் தகப்பன், அவருக்கு விளங்கியது. சாரதியும் வேறு ஒன்றும் கேட்காமல் கும்புக்வில பக்கம் திருப்பினார். பூங்காவில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அங்கே அனுமதி உண்டு.

மர நிழலில் சட்டையைக் கழற்றி, ஈரத் துவாயால் உடம்பைத் துடைத்து, சீலைத் தலைப்பால் விசிறி, சிறிது சிறிதாக அடிக்கடி பால் கொடுத்தேன். ஆறு மாதம் தாண்டியவள் ஆதலால் கொதித்தாறிய நீரும் கரண்டியால் ஊட்டினேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையானால் எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டுமே போதும். அதை அடிக்கடி கொடுக்க வேண்டும், தாயும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நானோ, இறங்க இடமில்லையே என்று காலை முதல் குடிக்காமல் இருந்திருந்தேன். ஜீப்பில் போகும் பெண்கள் பலர் செய்வது இதுதான்.

ஒரு மணிக்குப் பம்பர்ஸ் நனைந்தது. சிறுத்தையைக் கண்டிருந்தாலும் எங்கள் ஆட்கள் அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார்கள்; உதவியாளர்தான் வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினார்.

இரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டோம். மிகுதி நேரத்துக்கான பணம் போனது போனதுதான். புத்தளம் வரும்வரை மச்சான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவித்த பம்பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வீட்டுக்கே கொண்டு வந்தோம். காட்டில் எறிந்தால் மானும் யானையும் தின்று மடியும்.

படலையில் காத்திருந்த மாமி, என்னை ஒன்றும் கேட்காமல் முதலில் பிள்ளையின் உச்சியைத்தான் தடவிப் பார்த்தார். வரும் பெப்ரவரியில், மழை முடிந்து வில்லுகள் நிறைந்திருக்கும்போது, அரைநாள் ஜீப் பேசிப் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவதாக முடிவு. மாமியும் வருகிறாராம். தண்ணீர்ப் போத்தல்கள் தன் பொறுப்பு என்கிறார்.