ரொட்ரிகோ என்ற குடும்பப் பெயர்

திருமண ஓலை முதன்முறை வாசிக்கப்பட்ட ஞாயிறன்று மாலையே நமது பங்கு இல்லத்தில் ஒரு சிக்கல் தலைதூக்கிற்று. மணமகன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பணிபுரியும் இளைஞர். தலைப்பிள்ளையாதலால் தாய் வீட்டில் பிறந்து, அங்கேயே கடற்கரைப் பங்கு ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றவர். திருமணத்திற்கு முன் ஞானஸ்நானச் சான்று புதிதாகப் பெறப்பட வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நாம் எழுதிக் கேட்டதற்கு, அப்பெயருடைய எவரும் அந்த ஆண்டின் ஏட்டில் இல்லை என்று பதில் வந்திருந்தது. மணமகளின் தந்தை பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேனாக இருப்பவர், சொல் சுருக்கமுடையவர். அவர் நம் எதிரில் அமர்ந்து, "சாமி, பேரே ஏட்டில இல்லையின்னா, இவங்க எதையோ மறைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

மறுநாள் மணமகனின் தாத்தா வந்தார். எண்பதைக் கடந்தவர். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தணிந்த குரலில் அவர் கேட்ட முதற் கேள்வி இது: "சாமி, அவங்க ரொட்ரிகோன்னு தேடிப் பாத்தாங்களா?"

அப்படி ஒரு சொல்லை அந்தக் குடும்பத்தாரின் வாயிலிருந்து அதுவரை நாம் கேட்டதில்லை. அன்றே கடற்கரைப் பங்கிற்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். அங்குள்ள பழைய ஏட்டின் அட்டவணை குடும்பப் பெயர் வரிசையில் அமைந்தது. ஒரு மணி நேரத்திற்குள் விடை கிடைத்துவிட்டது. பிள்ளையின் ஞானஸ்நானப் பெயர் வேறு, வீட்டில் அழைத்த பெயர் வேறு. பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த நாளும் மாற்றப்பட்டிருந்தது. பெற்றோரின் பெயரும் ஞானப் பெற்றோரின் பெயரும் சரியாகப் பொருந்தின. மாறாமல் அவரை அடையாளம் காட்டி நின்றது, அவரே அறிந்திராத அந்தக் குடும்பப் பெயர் ஒன்றுதான்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கீசியப் பெயர் என்று சொல்லி நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். அது பாதி உண்மையே. போர்த்துக்கீசியர் இதைத் தம் கப்பலில் கொண்டுவந்தனர்; ஆனால் அவர்களுக்கும் இது பிறரிடமிருந்து வந்த சொத்து. கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் கி.பி. 410-இல் உரோமை நகரைக் கொள்ளையிட்ட பின்னர் மேற்கே நகர்ந்து, பிரான்சின் தென்பகுதியிலும் ஸ்பெயின் நாட்டிலும் அரசு நிறுவினர். ஆரிய பதிதத்தைப் பின்பற்றிய அவர்கள் 589-இல் கூடிய தொலேதோ சங்கத்தில் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்றனர். அவர்களுடைய கடைசி அரசர்களுள் ஒருவர் பெயர் ரொதெரிக். 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் படையிடம் அவர் தோற்றார். அரசும் அத்தோடு வீழ்ந்தது. கோத்திய மொழியும் நாளடைவில் பேசுவோரின்றி மறைந்தது. ஆயினும் அம்மொழியின் மனிதப் பெயர்கள் மட்டும் இலத்தீன் வழிவந்த மொழிகளுக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டன. ரொதெரிக் என்பது ரொட்ரிகோ ஆயிற்று. அதன் முற்பாதிக்குப் புகழ் என்றும், பிற்பாதிக்கு ஆட்சி அல்லது வலிமை என்றும் பொருள். நம் மொழியில் கீர்த்திராஜன் என்று சொன்னால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. முத்துக்குளித்துறையில் எங்கும் கேட்கும் பர்னாந்து என்ற பெயரும் ஜெர்மானிய மூலம் உடையதே. அதன் பிற்பாதி துணிவைக் குறிக்கும். முற்பாதி பயணமா, அமைதியா என்று அறிஞர்கள் வேறுபடுகின்றனர். கட்டுமரம் ஏறிய மக்களுக்குத் துணிந்து பயணம் போகிறவன் என்ற பொருளே பொருத்தமானது என்று நாம் கருதினால் குற்றமில்லை! தமிழில் அச்சுநூல் கண்ட முன்னோடியான என்றிக்கே என்றீக்கஸ் அடிகளாரின் பெயர் இரண்டும் இல்லத்து அரசன் எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்தவை. 1578-இல் கொல்லத்தில் அச்சாகிய 'தம்பிரான் வணக்கம்' அவருடையதே. அவர் 1600-இல் இறைவனடி சேர்ந்து தூத்துக்குடியில் அடக்கமானார். ஆனால் கடற்கரைப் பெயர்கள் எல்லாமே இப்படிப்பட்டவை அல்ல. பெரேரா என்பது பேரி மரம். சில்வா என்பது காடு. குரூஸ் என்பது சிலுவை.

ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் ரொட்ரிகோ, பர்னாந்து என்பவை முதற்பெயர்களாகவே வழங்கின. இன்னாரின் மகன் என்பதைக் காட்ட விகுதி சேர்த்து ரொட்ரீகஸ், பர்னாந்தஸ் என்று அமைத்துக்கொண்டனர். அரபிக் கடலைத் தாண்டி வந்த பின்னர் நம் கரையில் அந்த இலக்கணம் தளர்ந்தது. முதற்பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

1530-களின் நடுவில் முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலால் பரதகுல மக்கள் பெரிதும் துயருற்றனர். குதிரை வணிகர் ஜான் த குரூஸ் காட்டிய வழியில் அவர்களுடைய தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் உதவியை நாடினர். அதனைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். புனித சவேரியார் 1542-இல் வந்து சேரும்போது அவர்கள் பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தனர். செபங்களைத் தமிழில் கற்பித்தவர் அவரே. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரைப் பெறுவது அக்கால வழக்கம். ஆகவே ஒரே குடும்பப் பெயர் உடையவர் அனைவரும் ஒரே இரத்தம் என்று எண்ணுவது தவறு. பெயரால் வருவது ஞான உறவின் நினைவு மட்டுமே. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் புராட்டஸ்டாண்டு சபையினர். போர்த்துக்கீசியரின் ஆதரவு அற்றுப்போன அந்த நீண்ட காலத்திலும் மக்கள் தங்கள் விசுவாசத்தையும் விடவில்லை, பெயரையும் விடவில்லை. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராகப் பொறுப்பேற்றவர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. 1927-இல் வல்லநாட்டிலிருந்து அந்நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. இன்றும் அங்கே பர்னாந்து என்று கூப்பிட்டால் தெருவில் பத்துப் பேர் திரும்புவர். கடலுக்கு அப்பால் இலங்கையில் பர்னாந்து, ரொட்ரிகோ முதலிய பெயர்கள் சிங்களரிடையேயும் மலிந்துள்ளன.

நிற்க. அங்கே நெருக்கமாயுள்ள பெயர் நம் வட்டாரத்தில் ஏன் இத்தனை அருமையாயிற்று? நமது பங்கின் ஏடுகளை இதற்காகவே புரட்டிப் பார்த்தோம். பர்னாந்து சில, ரொட்ரிகோ இந்த ஒரு குடும்பம் மட்டுமே, அதுவும் ஒரே ஓர் இடத்தில். காரணத்தைத் தாத்தாவே கூறினார்.

அவர் 1961-இல் கடற்கரையை விட்டுச் சிவகாசிக்கு அச்சுத் தொழில் கற்க வந்தார். தீப்பெட்டிகளுக்கும் பட்டாசுகளுக்கும் வண்ண லேபிள் அடிக்கும் வேலை பெருகிக்கொண்டிருந்த காலம் அது. வேலையில் சேர்ந்த அன்று கணக்கெழுதுபவர் அவருடைய பெயரைக் கேட்டுவிட்டு, "கடைசியில இருக்கிறது என்ன சாதிப் பட்டம்?" என்றாராம். விளங்கச் சொல்ல அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. அறை தேடிய இடத்திலும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் இன்னொரு கேள்வி. அதன் பின்னால் ஒரு மௌனம். மூன்றாம் மாதம் அவர் பெயரின் வாலை வெட்டி, தலையில் 'ரொ.' என்ற ஓரெழுத்தாக வைத்துக்கொண்டார். மகனைப் பள்ளியில் சேர்த்தபோதும் அதே எழுத்தைத்தான் கொடுத்தார். எழுதியவர் அவசரத்தில் கொம்பை விட்டுவிட்டார். 'ரொ.' என்பது 'ரா.' ஆயிற்று. ராயப்பன் மகனோ, ராஜமாணிக்கம் மகனோ என்று உலகம் எண்ணிக்கொண்டது. பேரன் காலத்தில் தந்தையின் முதலெழுத்து அந்த இடத்தில் ஏறிக்கொள்ள, 'ரா.'-வும் போயிற்று.

அந்தக் கணக்கெழுதுபவரை நாம் குறை கூறோம். பெயரின் வாலைச் சாதியாகவே படிக்கப் பழகிய மண் இது; அந்த வாலை வெட்டவேண்டும் என்று முழங்கிய மண்ணும் இதுவே. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. மூன்றாவது மாநாடு 1931-இல் நமது விருதுநகரிலேயே நடந்தது. அவ்வியக்கத்தின் சமய எதிர்ப்பு நமக்கு உடன்பாடன்று. எனினும் சாதிப் பட்டத்தை உதறியது நன்மையே என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்கமாட்டோம். பெருந்தலைவர் காமராஜர் எந்தப் பட்டத்தையும் பெயருடன் சுமக்காமலே நாட்டை நடத்தினார். ஊரும் விருதுபட்டி என்ற பழம்பெயரை 1923-இல் மாற்றிக்கொண்டதுதானே! இங்கே ஒரு குடும்பத்தை அறிவது கடையின் பெயரால், ஆலையின் பெயரால், அச்சகத்தின் பெயரால். அப்படிப்பட்ட ஊரில் ரொட்ரிகோ என்ற சொல்லுக்கு இடம் அகப்படவில்லை. அதை விட்டது ஒரு வகையில் சமத்துவம். இன்னொரு வகையில் அச்சம். இரண்டில் எது மிகுதி என்று தாத்தாவை நாம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுவதுண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதற்பெயரான ரொட்ரிகோ கடற்கரையில் குடும்பப் பெயரானது போலவே, ஐரோப்பியரின் குடும்பப் பெயர்களை நாம் முதற்பெயர்களாக ஆக்கிக்கொண்டோம். சேவியர் என்பது புனிதரின் குடும்பத்துக் கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் புது வீடு எனப் பொருள்படும். பிரிட்டோ, போஸ்கோ, கொரற்றி, வியான்னி எல்லாமே குடும்பப் பெயர்களே. நம் சகோதர சபையினரோ உண்மையான ஜெர்மானியக் குடும்பப் பெயர்களையே பிள்ளைகளுக்கு இடுவர். பாளையங்கோட்டையில் உழைத்து 1838-இல் மறைந்த ரேனியஸ் ஐயரின் பெயரும், தஞ்சையில் 1798-இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரின் பெயரும் அவர்களிடையே வாழ்கின்றன. சுவார்ட்ஸ் என்றால் கறுப்பு. கறுப்பன் என்பது நமக்குப் புதிய பெயரா என்ன!

விட்ட பெயரைத் தேட வேண்டிய நிலையும் இப்போது வந்துள்ளது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததும், தந்தை பெயரையும் தாத்தா பெயரையும் அந்தக் கட்டத்தில் இட்டு நிரப்பியவர் பலர். நானூற்றுத் தொண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள குடும்பப் பெயர் ஒன்று கையில் இருந்தும், நமது மணமகன் அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரையே எழுதியிருந்தார்.

இனி மணமகளின் தந்தைக்கு வருவோம். சான்று வந்த அன்று இரு குடும்பத்தாரையும் பங்கு இல்லத்திற்கு அழைத்தோம். தாத்தா 1961-ஆம் ஆண்டின் கதையை மீண்டும் சொன்னார். இடையில் இரண்டு முறை குரல் தடுமாறிற்று. பேரன் அதைத் தன் வாழ்வில் முதன்முறையாகக் கேட்டான். போர்மேன் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தவர், முடிவில், "ஒரு புது வெடிக்குப் பேர் வைக்கிறதுக்கே நாங்க பத்து நாள் யோசிப்போம். நீங்க மனுசப் பேரை மூணு மாசத்தில விட்டுட்டீங்களே மாமா" என்றார். அந்த 'மாமா'வில் சிக்கல் தீர்ந்ததை நாம் உணர்ந்தோம். எனினும் அவர் விடவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்" என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். அதற்கு எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓலை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசிக்கப்பட்டபோது மணமகனின் முழுப்பெயரையும் படித்தோம். பின்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். திருமணத்தன்று ஏட்டில் ஒப்பமிடும் முன் மணமகன் நம்மிடம், "சாமி, ரொ-வா, றொ-வா?" என்று கேட்டார். கடற்கரை ஏட்டில் வல்லின றகரமே இருந்தது. தாத்தா முதலில் எழுதிய வழியே போதும் என்றோம்.

திருமணம் நடந்த பங்கின் குரு, ஞானஸ்நானம் நடந்த பங்கிற்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அடுத்த வாரமே எழுதினோம். மணமகனின் பெயருக்கு நேரே, ஏட்டின் ஓரத்தில் திருமணத்தைக் குறித்துக்கொண்டதாகக் கடற்கரையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அதைத் தாத்தா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.